வெட்டியெறிந்த வாலில்தான் பொருள் இருந்தது: தமிழ்த் தேடலில் ஒரு சொற்பகுதிக் கோளாறு

பின்னணி

பழைய கட்டுரைகளை வருடி (ஸ்கேன் செய்து), கணினி படிக்கும் எழுத்தாக மாற்றி, தேடுகிற மாதிரி ஒரு தொகுப்பு செய்யும் வேலை. நாங்கள் நாலு பேர். கோடு (கணினி நிரல்) எழுதும் நண்பர் ஒருவர், மெய்ப்பு பார்க்க இரண்டு பேர், மொழி சம்பந்தமாகக் கேள்வி வந்தால் பதில் சொல்ல நான். மெய்ப்பு பார்த்தவர்களில் ஒருவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. இந்தக் கதையில் அவர்தான் முக்கியம், ஆனால் அது எங்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

தேடலில் முதல் சிக்கல் தமிழில் வேலை பார்க்கும் யாருக்கும் தெரிந்ததுதான். ‘மரம்’ என்று தேடினால் மரத்தை, மரத்தில், மரங்கள், மரங்களிலிருந்து எதுவும் வராது. கணினிக்கு அவை எல்லாம் வேறு வேறு எழுத்துக் கோவை. ஆங்கிலத்தில் இதற்கு ஸ்டெம்மர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், சொல்லின் வாலை வெட்டி அடியை மட்டும் வைத்துக்கொள்ளும் சின்ன நிரல். 1968இல் ஜூலி பெத் லவின்ஸ் ஒன்று வெளியிட்டார், 1980இல் மார்ட்டின் போர்ட்டர் வெளியிட்டது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. போர்ட்டருடைய முறை அகராதி எதையும் பார்ப்பதில்லை, ஈற்றைப் பார்த்து விதிப்படி வெட்டும், அவ்வளவுதான். அதனால் யுனிவர்ஸ், யுனிவர்சிட்டி இரண்டும் ‘யுனிவர்ஸ்’ என்ற ஒரே துண்டாகிவிடும். பிரபஞ்சமும் பல்கலைக்கழகமும் ஒன்று. ஆங்கிலத்தில் இப்படிச் சில இடங்களில் இடறினாலும் மொத்தத்தில் வேலை நடந்துவிடுகிறது. தமிழிலும் அப்படியே செய்துவிடலாம் என்று நண்பர் சொன்னார். நானும் சரி என்றேன். தப்பு என்னுடையதும்தான்.

முதல் முடிவு: வெட்டுவோம்

வேற்றுமை உருபுகள், பன்மை விகுதி, வினைமுற்று ஈறுகள், எச்ச ஈறுகள், தொழிற்பெயர் ஈறுகள் எல்லாவற்றையும் நான் எழுதிக் கொடுத்தேன். நீளமான ஈற்றை முதலில் வெட்டுவது, அப்புறம் குட்டையானதை. அதற்கும் முன்னால், சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வல்லின ஒற்றை நீக்குவது. ‘மரத்தைப் பார்த்தேன்’ என்பதில் உள்ள அந்தப் ப் அடுத்த சொல்லுக்காக வந்தது, தேடலுக்கு அது எதற்கு என்று நினைத்தோம். இதைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உடனே வந்தது, அதை மட்டும் ஒழுங்காகவே தீர்த்தோம். தமிழ் எழுத்து கணினியில் மெய்யும் உயிர்க்குறியுமாக உட்கார்ந்திருக்கிறது. அகரத்துக்குக் குறி கிடையாது. அதனால் ‘அல்’ என்ற ஈற்றைத் தேடினால் கிடைக்காது, ‘ல்’ மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். எனவே எல்லாச் சொல்லையும் முதலில் ஒலியாக உடைத்தோம்: கடல் என்றால் க்+அ+ட்+அ+ல். வெட்டி முடித்த பிறகு மறுபடி சேர்த்தோம். தமிழில் ஸ்டெம்மர் எழுத நினைக்கிறவர்கள் இந்த ஒன்றை முதல் நாளே செய்துவிடுங்கள்.

சோதித்துப் பார்த்தோம். மரத்தைகளும் மரங்களும் மரத்தோடு சேர்ந்தன. மகிழ்ச்சியாக வெளியிட்டோம்.

என்ன நடந்தது

முதல் புகார் ஒரு ஆய்வாளரிடமிருந்து வந்தது. ஆள் கடத்தல், பொருள் கடத்தல் பற்றிய பழைய கட்டுரைகள் அவருக்கு வேண்டும். ‘கடத்தல்’ என்று தேடியிருக்கிறார். முதல் பக்கம் முழுக்க ‘கடந்த ஆண்டு’, ‘கடந்த வாரம்’, ‘கடந்த காலத்தில்’. இரண்டாம் பக்கமும் அதேதான். கட்டுரை எழுதுகிற எவரும் ‘கடந்த’ என்று எழுதாமல் இருக்க முடியாது, ஆகவே தொகுப்பே அவர் முன்னால் வந்து நின்றிருக்கிறது. அதைவிட மோசம், ‘கடத்தினார்கள்’, ‘கடத்தப்பட்ட’ என்று இருந்த, அவருக்கு உண்மையிலேயே வேண்டிய கட்டுரைகள் ஒன்றுகூட வரவில்லை.

நடந்தது இதுதான். ‘கடத்தல்’ என்பதன் வாலில் ‘த்தல்’ இருந்தது, வெட்டினோம், ‘கட’ மிஞ்சியது. ‘கடந்த’ என்பதில் ‘ந்த’ வெட்டினோம், அங்கேயும் ‘கட’. இரண்டும் ஒரே கூடையில் விழுந்தன. ‘கடத்தினார்கள்’ என்பதில் ‘இனார்கள்’ போய் ‘கடத்து’ மிஞ்சியது, அது வேறு கூடை.

வேடிக்கை என்னவென்றால் ‘கடத்தல்’ என்ற சொல்லை இரண்டு விதமாகவும் பிரிக்கலாம், இரண்டும் இலக்கணப்படி சரி. கட+த்தல் என்றால் தானே கடப்பது. கடத்து+அல் என்றால் இன்னொன்றைக் கடக்க வைப்பது. எழுத்தில் எட்டணாவுக்குக்கூட வித்தியாசம் இல்லை. நாம் படிக்கும்போது குழப்பமே வருவதில்லை, ஏனென்றால் கடப்பதைப் பற்றி எழுதும்போது நாம் ‘கடப்பது’, ‘கடந்து செல்வது’ என்கிறோம், ‘கடத்தல்’ என்று யாரும் எழுதுவதில்லை. நம் தலைக்குள் அந்தப் பழக்கம் இருக்கிறது. நிரலுக்கு இல்லை.

அப்புறம் புகார்களை நாங்களே தேட ஆரம்பித்தோம். ‘உடை’ என்று போட்டுப் பார்த்தால் போட்டுக்கொள்ளும் உடை, அணை உடைந்தது, பூட்டை உடைத்தார்கள், ‘அறிவு உடைய மக்கள்’ நாலும் ஒரே கூடை. ‘படி’யில் தூசி படிந்ததும் பாடம் படித்ததும் மாடிப்படியும். ‘கண்ணன்’ என்ற பெயரில் ‘அன்’ போய் கண் மிஞ்சியது. ‘இல்லை’ என்ற சொல்லை, வீடு என்று பொருள்படும் ‘இல்’லோடு இரண்டாம் வேற்றுமை ஐ சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டு ‘இல்’ ஆக்கியிருந்தது. இதைப் பார்த்துச் சிரித்தோம், கொஞ்ச நேரம்தான்.

இரண்டாவது முடிவு: ஒட்டுப் போட்டது

இந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. விதிவிலக்குப் பட்டியல் போட்டோம். கடத்தல் வந்தால் கடத்து, இல்லை வந்தால் தொடாதே, இந்த மாதிரி. பட்டியல் தினமும் நீண்டது.

கூடவே இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. ‘நாட்டில்’, ‘வீட்டை’, ‘ஆற்றுக்கு’ எல்லாம் நாடு, வீடு, ஆறு என்பதோடு சேரவில்லை. இந்தப் பெயர்களுக்கு உருபு ஏறும்போது ஒற்று இரட்டிக்கும், பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். எனவே வெட்டிய பிறகு ‘ட்டு’ என்று முடிந்தால் ‘டு’ ஆக்கு, ‘ற்று’ என்று முடிந்தால் ‘று’ ஆக்கு என்று இரண்டு பொதுவிதி சேர்த்தோம். நாடும் வீடும் சரியாயின.

மறுநாள் ‘மாடு’ என்று யாரோ தேடியபோது ‘வர மாட்டார்’, ‘சொல்ல மாட்டார்கள்’, ‘ஒப்புக்கொள்ள மாட்டேன்’ எல்லாம் மேய வந்துவிட்டன. மாட்டார், ஆர் போனால் மாட்டு, விதிப்படி மாடு. ‘காட்டினார்’ என்றவர்கள் எல்லாம் காட்டுக்குள் போய்விட்டார்கள். ‘உரை ஆற்றினார்’ ஆற்றில் விழுந்தது. ‘கற்றார்’ என்பது ‘கறு’ ஆகிவிட்டது, அது கல் என்பதிலிருந்து வந்தது. ‘விற்றார்’ விறு ஆனது. ஆனால் ‘பெற்றார்’ என்பது சரியாகப் ‘பெறு’ ஆனது, தற்செயலாக. இந்தத் தற்செயல்தான் எங்களை ஏமாற்றியது என்பேன். சோதனைக்கு நாங்கள் எடுத்த சொற்களில் பெறு இருந்தது, கல் இல்லை.

கோடு எழுதிய நண்பர் மேலும் விதி போடலாம் என்றார். எனக்கு அலுத்துவிட்டது. நாங்கள் இருவரும் இதைப் பற்றிச் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆசிரியர் அம்மா, “நீங்க பகுபதம் பிரிச்சுப் பாத்தீங்களா தம்பி?” என்று கேட்டார்.

பகுபதம் பிரித்தபோது தெரிந்தது

பிரித்தோம். ஒரு தாளில், கையால். நன்னூல் பகுபதத்துக்கு, அதாவது உறுப்புகளாகப் பிரிக்கக்கூடிய சொல்லுக்கு, ஆறு உறுப்பு சொல்கிறது: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம்.

படித்தான் = படி + த் + த் + ஆன். முதல் த் சந்தி, இரண்டாவது த் இறந்தகால இடைநிலை.

படிந்தான் = படி + த்(ந்) + த் + ஆன். அதே பகுதி, அதே சந்தி, அதே இடைநிலை, அதே விகுதி. சந்தியாக வந்த த் என்பது ந் ஆனது மட்டும் விகாரம்.

உடைத்தான், உடைந்தான் என்பதும் அப்படித்தான். மடித்தான், மடிந்தான் என்பதும் அப்படித்தான்.

பாடத்தில் இதை எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், விகாரம் என்று கடைசியில் ஒரு வரி எழுதிவிட்டுப் போவோம், ஏதோ ஒலி மாறிவிட்டது என்கிற அளவுக்கு. ஆனால் புத்தகத்தைப் படிப்பதற்கும் தூசி படிவதற்கும் நடுவே உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பகுதி இரண்டிலும் ‘படி’தான். நாங்கள் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பை என்று வெட்டி எறிந்தோம், எந்தப் படி என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் அந்தக் குப்பையோடு போய்விட்டது.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். நன்னூல் வினைப்பகுதியை ஏவல் வடிவத்தில் வைத்து, ஈற்றெழுத்தை வைத்து 23 வாய்பாடு கொடுக்கிறது: நட, வா, மடி, சீ, விடு என்று தொடங்கும். அதில் மூன்றாவதாக வரும் ‘மடி’யே இரண்டு வினை. இறந்துபோவதும் மடிதான், துணியை மடிப்பதும் மடிதான். ஈற்றெழுத்து என்ன என்று பார்த்தால் அவை பிரியாது, பின்னால் என்ன ஒட்டுகிறது என்று பார்த்தால்தான் பிரியும்.

சரி, ஒட்டுவது முழுவதும் நம்பத் தக்கதா என்றால் அதுவும் முழுக்க இல்லை. ‘ந்த்’ வந்தால் தானே நடக்கும் வினை, ‘த்த்’ வந்தால் செய்கிற வினை என்று ஒரு சூத்திரம் போட்டுவிட நண்பருக்கு ஆசை. நட, கட, பற, பிற, மற இவை அதைக் கெடுத்துவிடும். கடந்தான் என்று மெல்லின ஒற்றோடு மெலிந்து வரும், ஆனால் நிகழ்காலத்தில் கடக்கிறான், எதிர்காலத்தில் கடப்பான் என்று வல்லின ஒற்றோடு வலித்து வரும். ‘மறந்தான்’ செயப்படுபொருள் எடுக்கும் வினை, ந்த் வந்தாலும். பெயர்களிலும் இப்படித்தான். படிப்பு, படிவு என்று அழகாகப் பிரியும், அழிப்பு, அழிவு, இணைப்பு, இணைவு என்று பிரியும், உடனே ‘நினைப்பு, நினைவு’ இரண்டும் ஒரே வினையிலிருந்து வந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஆக ஒலியை மட்டும் வைத்து ஊகிப்பது போதாது, எந்த வினை எந்த வகை என்று பட்டியல் வேண்டும்.

மூன்றாவது முடிவு: தல், த்தல்

பட்டியல் ஏற்கெனவே இருந்தது. எல்லோர் கையிலும் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் வினைச்சொல்லைத் தனியாகப் போட மாட்டார்கள். ‘படி-தல்’ என்று ஒன்று, ‘படி-த்தல்’ என்று இன்னொன்று. பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும், வினைகளை 13 வகையாகப் பிரித்து. படி-தல் 4ஆம் வகை, படி-த்தல் 11ஆம் வகை. நான் மாணவனாக இருந்த நாளிலிருந்து அந்த எண்களைப் பார்த்திருக்கிறேன், அது என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. தலைச்சொல்லை எழுதும்போதே அகராதிக்காரர்கள் வாலில் ஒரு துண்டை விட்டுவைத்தது எதற்கு என்று இப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு வடிவமைப்பை மாற்றினோம். வெட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் வெட்டுவதற்கு முன்னால் வால் என்ன சொல்கிறது என்று குறித்துக்கொண்டோம். ‘படிக்க, படிப்பான், படித்து’ என்று வலித்து வந்தால் படி-த்தல் என்ற திறவுச்சொல்லில், அதாவது அந்தப் பெயருள்ள கூடையில், சேரும். ‘படிய, படியும், படிந்து’ என்றால் படி-தல். வினைப் பட்டியலில் இல்லாத சொல்லை வினையாக வெட்டுவதே கிடையாது. ஒற்று இரட்டும் பெயர்களுக்கும் தனிப் பட்டியல், நாடு, காடு, வீடு, ஆறு, சோறு என்று. பொதுவிதியை எடுத்துவிட்டோம். மாட்டார், மாட்டேன் வகையறா துணைவினையாகத் தனியே போயிற்று, மாடுகள் நிம்மதியாக மேய்ந்தன.

இரண்டு பிரிப்பும் பொருந்தும் சொல்லை என்ன செய்வது? ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நண்பர் பிடிவாதம், இன்டெக்ஸ் (தேடலுக்கான சொல் அட்டவணை) பெரிதாகிவிடும் என்பது அவர் கவலை. நான் இரண்டிலும் போடச் சொன்னேன். கடைசியில் இரண்டிலும் போட்டோம், தேடுகிறவர் ‘கடத்தல்’ என்று அடித்தால் முதலில் கடத்து-தல் முடிவுகள், கட-த்தல் வேண்டுமா என்று கீழே ஒரு வரி. இன்டெக்ஸ் பெரிதாகத்தான் ஆனது, தேடல் கொஞ்சம் மந்தமானது. அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்த விவாதம் இதைவிட நீளம். உடைந்தது, உடைத்தது இரண்டையும் பிரித்தாயிற்று. ஆனால் அவை உறவில்லாத சொற்களா? படிந்தது, படித்தது என்பதில் இன்று வாசிக்கிற ஒருவருக்கு உறவு தெரியாது. உடைந்தது, உடைத்தது அப்படி இல்லை, ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கமிருந்து பார்ப்பது. திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு என்பவையும் அப்படியே, அங்கே மாற்றம் பகுதிக்குள்ளேயே புகுந்துவிடுகிறது, மெல்லினம் வல்லினமாகிறது. இவற்றைச் சேர்ப்பதா, பிரிப்பதா? அணை உடைந்த செய்தியைத் தேடுகிறவருக்குப் பூட்டை உடைத்த செய்தி வேண்டாம். ஆனால் ‘அணையை உடைத்துக்கொண்டு’ வெள்ளம் வந்த செய்தி வேண்டும். எனவே தனித்தனி திறவுச்சொல், நடுவே ஒரு கயிறு. தேடுகிறவர் விரும்பினால் இழுத்துக்கொள்ளலாம். இது எல்லா ஜோடிக்கும் கையால் கட்டிய கயிறு, படி மாதிரி உறவு மறைந்தவற்றுக்குக் கட்டவில்லை.

இதே மூச்சில் ஒருவர் ‘கடவுள்’, ‘கடல்’ இவற்றையும் ‘கட’வோடு கட்டலாமே என்றார். எல்லாவற்றையும் கடந்தவர் கடவுள் என்று நாம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. நான் மறுத்தேன். அது வேரைத் தேடும் வேலை, சுவாரசியமான வேலை, சண்டைக்கும் குறைவில்லாத வேலை. எங்களுக்கு வேண்டியது பகுதி. இன்று எழுதுகிற ஒருவர் எந்தத் துண்டின்மேல் ஈறுகளை ஏற்றுகிறாரோ அது. கடல் என்று எழுதுகிறவர் ‘கட’வை எடுத்து ‘ல்’ ஒட்டுவதில்லை. வேர்ச்சொல் ஆராய்ச்சியைத் தேடலுக்குள் விட்டால் கடைசியில் எல்லாச் சொல்லும் எல்லாச் சொல்லோடும் சேர்ந்துவிடும்.

பிறகு

அந்த ஆய்வாளருக்குத் தேடியது கிடைத்தது. கூடவே ‘வெப்பக் கடத்தல்’ பற்றிய இயற்பியல் கட்டுரைகளும் வந்தன என்று சொன்னார். அதைத் திருத்தப் போனோம், முடியாது என்று தெரிந்தது. அங்கே பகுதி சரியாகவே கடத்து-தல்தான். வெப்பத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்க வைப்பதும், ஆளைத் தூக்கிக்கொண்டு போவதும் ஒரே பகுதியின் இரண்டு வேலை. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தால்தான் அது பிரியும். விட்டுவிட்டோம்.

பட்டியலில் இல்லாத புதுவினைகள் பற்றிப் பயந்தோம், அது அவ்வளவு மோசமாகவில்லை. ‘டவுன்லோட் பண்ணினார்’ என்பதில் பண்ணு வாலைச் சுமந்துகொள்கிறது. வெளியிலிருந்து வந்து இகரத்தில் முடியும் வினைகள், விமர்சி, அங்கீகரி மாதிரி, எல்லாம் த்தல் பக்கமே போகின்றன. எனவே தெரியாத வினை இகரத்தில் முடிந்தால் த்தல் என்று வைத்தோம். ‘கூகுளித்தான்’ என்று விளையாட்டாக யாரோ எழுதியதுகூடச் சரியாகப் போய் உட்கார்ந்தது.

மறுபடி செய்வதாக இருந்தால்

முதலில் அகராதி, அப்புறம் கத்தி. நாங்கள் தலைகீழாகச் செய்தோம். ஆங்கில முறை தமிழுக்கு ஆகாது என்று சொல்ல வரவில்லை, பெயர்ச்சொல்லுக்கு அது நன்றாகவே உதவியது. வினைக்கு மட்டும் முதல் நாளே தல், த்தல் பட்டியலோடு உட்கார்ந்திருப்பேன். சோதனைக்கு எளிய சொற்களை எடுக்காமல் படி, உடை, மடி, கட, கல், ஆறு என்று வேண்டுமென்றே வம்பு பிடித்த சொற்களை எடுத்திருப்பேன். விதிவிலக்குப் பட்டியல் நீள ஆரம்பித்த மூன்றாவது நாளே நிறுத்தியிருப்பேன். மெய்ப்பு பார்ப்பவரை எழுத்துப்பிழை திருத்த மட்டும் வைத்திருந்தது எங்கள் அசட்டுத்தனம்.

ஒரு சொல் இன்னும் தீரவில்லை: உடைய. ‘அவருடைய’ என்று ஒட்டி வந்தால் பிரச்சினை இல்லை. தனியாக ‘உடைய’ என்று வந்தால் அது ஆறாம் வேற்றுமையா, அறிவு உடைய என்பது மாதிரியா, அணை உடையக் காரணம் என்பது மாதிரியா? நாங்கள் அதைத் தேடலுக்கு உதவாத சொல் என்று ஒதுக்கியிருந்தோம். போன மாதம் அந்த அம்மா இப்படி ஒதுக்கியதைச் சுட்டிக்காட்டினார். உடைந்துபோவதைக் குறிக்கும் ‘உடைய’வுக்குப் பின்னால் வல்லினம் மிகும், ‘உடையக் காரணம்’. உடைமையைக் குறிக்கும் ‘உடைய’வுக்குப் பின்னால் மிகாது, ‘உடைய காரணம்’. அந்தக் க் ஒற்றைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் படியிலேயே, எதற்கு என்று வெட்டியிருந்தோம்.

இப்போது ஒற்றையும் குறித்துக்கொள்கிறோம். ஆனால் தொகுப்பில் உள்ள கட்டுரைகளில் பாதிப் பேர் அந்த ஒற்றைப் போடுவதில்லை, சிலர் தேவையில்லாத இடத்திலும் போடுகிறார்கள். அம்மா ஒவ்வொரு கட்டுரையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறார்.